தைப்பூச வாரத்து பஸ் பதிவுகளை மறுபடி ஓட்ட எந்த வழி?

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போகும் இருபது தனியார் பஸ்களின் ஜிபிஎஸ் பதிவுகள் என்னிடம் வருகின்றன. வரும் பதிவுகளை வரிசையாகச் சேமித்துவைக்கும் காஃப்கா என்ற மென்பொருளில் வாங்கி, ஓடிவரும் பதிவுகளை உடனுக்குடன் கணக்கிடும் ஃபிளிங்க் என்ற மென்பொருளில் தாமதக் கணக்குப் போடுகிறேன். நிரலில் கைவைக்கும்போதெல்லாம் பழைய பதிவை ஓட்டிச் சோதித்தாக வேண்டும். அதற்குத் தைப்பூச வாரத்தைவிட நல்ல சரக்கு கிடையாது. பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் கூட்டம் சாலையில் இருக்கும்போது பஸ் ஊர்ந்துதான் போகும்.

முதலில் பதிவைப் பாருங்கள். வண்டி 7: நிகழ்ந்தது 08:14:20, சேர்ந்தது 08:19:03. அடுத்த வரி நிகழ்ந்தது 08:14:30, சேர்ந்தது அதே 08:19:03. அதற்கடுத்த வரியும் அப்படியே. சிக்னல் இல்லாத இடத்தில் கருவி சேர்த்துவைத்து, கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டியிருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தக் கொட்டலைக் காப்பாற்றுகிறதா என்பதே என் அளவுகோல்.

மிகச் சுலபமானது முழு வேகம். காஃப்காவில் ஆஃப்செட்டை, அதாவது எதுவரை படித்தோம் என்ற குறியை, பின்னுக்கு நகர்த்தினால் போதும், ஒரு வாரப் பதிவு காபி ஆறுவதற்குள் ஓடிவிடும். நிகழ்ந்த நேரத்தை மட்டும் நம்பும் கணக்கு சரியா என்று பார்க்க நானும் முதலில் இதைத்தான் செய்கிறேன். ஆனால் "ஐந்து நிமிடம் தகவல் இல்லையென்றால் எச்சரி" என்ற விதி பதிவிலுள்ள நேரத்தை அல்ல, சர்வரின் நிஜக் கடிகாரத்தைப் பார்க்கிறது. முழு வேகத்தில் அந்த ஐந்து நிமிடம் வருவதே இல்லை.

அடுத்தது சீரான வேகம். லினக்ஸில் பிவி என்ற சிறு கருவியிடம் நொடிக்கு இத்தனை வரி என்று சொல்லிவிடலாம். சர்வர் எவ்வளவு தாங்கும் என்று அறிய நல்லதுதான். ஆனால் சந்தை நாள் கூட்டத்தை வாரம் முழுக்கப் பங்கு போட்டு அனுப்பினால் அது சந்தையா? டிசிபிரீப்ளேவையும் சிலர் சொல்வார்கள். அது நெட்வொர்க் பொட்டலங்களைப் பழைய இடைவெளியோடு திரும்ப அனுப்பும், வேகத்தைப் பெருக்கவும் செய்யும். ஆனால் இருபுறமும் பதில் சொல்லிக்கொள்ளும் டிசிபி இணைப்பில் எதிரே இருக்கும் சர்வரோடு பேச்சைத் தொடர அது உதவாது. எனக்கு வேண்டியது பொட்டலம் அல்ல, பதிவு.

மிஞ்சுவது, நேரமுத்திரை பார்த்து அனுப்பும் சொந்த நிரல். இதில் இரண்டு விதம் உண்டு. எல்லோரும் முதலில் எழுதுவது இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அளவுக்குத் தூங்கிவிட்டு அனுப்பும் நிரல். பார்க்க அழகு. ஆனால் அனுப்பவும் விழிக்கவும் ஆகும் நேரம் கணக்கில் சேர்வதில்லை. வரிக்கு ஒரு மில்லிநொடி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் வரியில் 100 நொடி பிந்திவிடும். பத்து மடங்கு வேகத்தில் ஓட்டினால், பதிவின் நேரத்தில் அது பதினாறு நிமிடத்துக்கு மேல்.

இரண்டாவது விதத்தில் தொடக்கத்தில் ஒரு முளை அடித்துவிட வேண்டும். முதல் வரியிலிருந்து இந்த வரி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதை வேகத்தால் வகுத்து, தொடங்கிய நேரத்தோடு கூட்டினால் அனுப்ப வேண்டிய நேரம் கிடைக்கும். அதுவரை தூங்கலாம். நேரம் தாண்டியிருந்தால் தூங்காமல் அனுப்பிவிடலாம். பிழை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறாது. பின்னோக்கி ஓடாத மோனோடோனிக் கடிகாரத்தில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினி தன் நேரத்தைத் திருத்தும்போது எல்லாம் குலையும். என் ஓட்டு இதற்குத்தான்.

வேகம் உங்கள் இஷ்டம். ஃபிளிங்க் பயிற்சிப் பாடத்தில் நியூயார்க் டாக்ஸிப் பதிவுகளை 600 மடங்கில் ஓட்டியதுண்டு. பத்து நிமிடம் ஒரு நொடியாகிவிடும். எனக்கு அது ஒத்துவராது. பத்து மடங்கிலேயே ஐந்து நிமிட மௌனம் முப்பது நொடியாகி, எச்சரிக்கை வாயைத் திறப்பதில்லை. அதனால் பகலில் முழு வேகம், இரவில் விடிய விடிய உள்ளபடி வேகம்.

முளை அடித்தும் நான் ஒருமுறை கோட்டைவிட்டேன். கோப்பை நிகழ்ந்த நேரப்படி வரிசைப்படுத்தி ஓட்டினேன். சோதனை சுத்தமாகத் தேறியது. நிஜ ஓட்டத்தில் பஸ் முதலாளி போனில் கேட்டார்: "தம்பி, ஏழாம் நம்பர் குன்றக்குடியில் நிற்காமலே போய்விட்டதாமே?" கண்டக்டர் நின்றது என்று சத்தியம் செய்தார். நின்றதுதான். மற்ற வண்டிகள் வாட்டர்மார்க்கை, அதாவது இந்த நேரம்வரை எல்லாம் வந்துவிட்டது என்று ஃபிளிங்க் வைக்கும் குறியை, முன்னே தள்ளிவிட, ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்திய வரிகளை நிரல் உதறியிருந்தது. சோதனையில் நானே எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தியதால் பிந்திய வரி என்று ஒன்று வரவே இல்லை. இப்போது சேர்ந்த நேரப்படி அனுப்புகிறேன், நிகழ்ந்த நேரம் உள்ளே தொடப்படாமல் இருக்கிறது.

இன்னொன்று. காஃப்கா இயல்பாக 7 நாள்தான் வைத்திருக்கும், அதையும் பதிவின் முத்திரையைப் பார்த்தே கணக்கிடும். போன வருட முத்திரையோடு இரவில் எழுதினேன், காலையில் டாபிக் (காஃப்காவில் பதிவுகள் கிடக்கும் பெட்டி) காலி. சோதனை டாபிக்குக்கு மட்டும் அந்தக் காலவரம்பை எடுத்துவிட்டேன்.