நகரங்களை இழுத்து வைத்து அளக்கும் செயலி: நெடுநாள் அனுபவம்

லண்டன் சிங்கப்பூரைவிட எத்தனை மடங்கு பெரியது என்று நண்பர் கேட்டார். ஒரு நகரத்தின் எல்லைக்கோட்டைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் மேல் வைத்துப் பார்க்கும் செயலி என்னிடம் வெகுகாலமாக இருப்பது அவருக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கலாமா என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி.

வரைபடம் வரைந்த மெர்கேட்டர் 1569-இல் போட்ட வழியில் உலகைத் தட்டையாக வரைந்தால் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் ஊதிப்போகும். தெரிந்த கதைதான், ஆனாலும் கண் ஏமாறும். சாதாரண இணைய வரைபடத்தில் ஒரே ஜூமில் இரண்டையும் பார்த்தால் லண்டன் ஐந்து மடங்குக்கு மேல் தெரிகிறது. செயலியில் சிங்கப்பூரை வடக்கே இழுத்தால், வழியெல்லாம் வீங்கிக்கொண்டே போய், லண்டன் மேல் உட்காரும்போது ஏறக்குறைய பாதியை அடைத்துக்கொள்கிறது. 1,572 சதுர கிலோமீட்டருக்கு எதிரே சுமார் 735. கணக்கு சுத்தம். ஹெல்சிங்கி, ஆஸ்லோ இருக்கும் 60 பாகை அட்சரேகை வரை கொண்டுபோனால் திரையில் பரப்பு நான்கு மடங்கு. அட்சரேகையின் கொசைனை வர்க்கமாக்கி, அதனால் நிஜப் பரப்பை வகுத்தால் காகிதத்திலேயே விடை வந்துவிடும். இருந்தும் அந்த வீக்கத்தை விரல் நுனியில் பார்க்கும் சுகம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

எரிச்சல் எல்லைக்கோட்டில். பாரிஸைத் தேடினால் 105 சதுர கிலோமீட்டர், அதோடு ஒட்டிக் கிடக்கும் புறநகர் ஒன்றுகூட இல்லை. சீனாவின் சோங்சிங்கைத் தேடினால் 82,000-க்கும் மேல். ஏறக்குறைய ஆஸ்திரியா நாட்டளவு, பெரும்பகுதி மலையும் வயலும். இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டி, நகரமாம், ஒப்பிட்டுக்கொள்ளுங்களாம்! டோக்கியோவை இழுத்தால் சுமார் 1,000 கிலோமீட்டர் தெற்கே பசிபிக்கில் கிடக்கும் ஒகசவாரா தீவுகளும் கூடவே வாலாட்டிக்கொண்டு வருகின்றன, நிர்வாகப்படி அவையும் டோக்கியோ என்பதால். மாஸ்கோ 2012-இல் தென்மேற்கே விரிந்து இரண்டு மடங்குக்கு மேலானது. செயலியிலோ பழைய கோடே நெடுநாள் கிடந்தது. எந்த ஆண்டின் எல்லை என்று ஓரத்தில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? எழுதிக் கேட்டேன். கருத்துக்கு நன்றி என்றார்கள். அடுத்த புதுப்பிப்பில் நிறங்கள் மட்டும் மாறின.

நியாயமாகச் சொன்னால், எல்லை போடுவது அரசுகள், செயலி அல்ல. புவியின் வளைவைத் திருத்தும் வேலையில் இதைக் குறை சொல்ல முடியாது. கிரீன்லாந்தை ஆப்பிரிக்காவின் மேல் வைத்துப் பார்க்க இதைவிட நல்லதை நான் கண்டதில்லை. ஆனால் நகரம் என்று வந்தால், கட்டடம் அடர்ந்த பரப்பை மட்டும் காட்ட ஒரு பொத்தான் வேண்டாமா? உருப்பெருக்கத்தைத் திருத்திவிட்டு எல்லையில் கோட்டை விட்டால் சோங்சிங்தான் எப்போதும் ஜெயிக்கும்.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அதுதான் உங்கள் விடை, இலவசம். நான் நீக்கிவிடுவேனா என்று கேட்காதீர்கள். ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கை நிலநடுக்கோட்டுக்கு இழுத்து ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்க வைக்கும் வேலை பாக்கி இருக்கிறது.