காலா, சக்கரமா? செட்டிநாட்டில் பாராமோட்டார் பழகத் தொடங்குவோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பாராமோட்டார் (துணி இறக்கையில் தொங்கியபடி மோட்டார் விசையில் பறக்கும் கருவி) பழக ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்: மோட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடிக் கிளம்புவதா, ட்ரைக் என்கிற மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடியே கிளம்புவதா? இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை வழவழப்பான புல்தரை இருக்கும் ஊர்களை மனதில் வைத்து எழுதியவை. வரப்பும் கண்மாயும் சீமைக்கருவேலும் சூழ்ந்த நம் பக்கத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் காலில் தொடங்குங்கள். எஞ்சின் நின்றுபோனால் நீங்கள் இறங்கப்போகும் வயல் எப்படி இருக்கும் என்பதை வைத்தே இதைச் சொல்கிறோம்.

எடைக் கணக்கு

இறக்கை, கயிறுகள், எஞ்சின், ப்ரொப்பல்லர், அதைச் சுற்றிய கூண்டு எல்லாம் இரண்டு முறைக்கும் பொதுவானவை. மாறுவது எடை. 75 கிலோ ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மோட்டார் 26 கிலோ, 10 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 7, இறக்கை 5.5, ஹெல்மெட், ஷூ வகையறா 2. மொத்தம் 115 கிலோவைத் தாண்டுகிறது. இறக்கையின் அளவை முடிவு செய்ய இந்த மொத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். இதோடு 25 கிலோ ட்ரைக் சட்டம் சேர்ந்தால் 140. ஒரு அளவாவது பெரிய இறக்கை தேவைப்படும். "இப்போது காலில் பழகுங்கள், பிறகு இதே இறக்கையில் சக்கரம் மாட்டிக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால், இறக்கைக்குள் தைத்திருக்கும் லேபிளில் எடை வரம்பைப் படித்துப் பாருங்கள். வரம்புக்கு மேல் ஏற்றிய இறக்கை வேகமாகப் பறக்கும், வேகமாக இறங்கும், பிரேக்கை (இறக்கையின் பின்விளிம்பை இழுக்கும் கயிறு) கொஞ்சம் இழுத்தாலே வெடுக்கென்று திரும்பும். புதியவருக்கு இவை மூன்றுமே ஆகாது.

கால் முறை நமக்கு ஒத்துவருமா என்பதைக் காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை நல்ல முதுகுப்பையில் இறுகக் கட்டி மாட்டிக்கொள்ளுங்கள். 10 நிமிடம் சும்மா நில்லுங்கள். பிறகு 40 மீட்டர் ஓடுங்கள். நடந்து திரும்பி வந்து மறுபடி ஓடுங்கள். இப்படி ஐந்து முறை. மறுநாள் காலையில் படி இறங்கும்போது முழங்கால் வலித்தால் ட்ரைக் பக்கம் போவதே சரி. பறப்பதை விடக் கிளம்ப முயன்று தோற்பதுதான் புதியவரின் உடம்பைச் சோர வைக்கும். ஒரு காலையில் மூன்று முயற்சி வீணாகி நாலாவதில் கிளம்புவது சாதாரணம்.

கிளம்பும்போது

காற்றில்லாத விடியலில் காலால் கிளம்பும் முறை இது. இறக்கையைக் குதிரைலாட வடிவில் விரிக்க வேண்டும். நடுப்பகுதிக் கயிறுகள் முதலில் இறுக வேண்டும். முன்வரிசைக் கயிறுகள் சேரும் ஏ-ரைசர்கள் இரண்டையும், பிரேக் கைப்பிடிகளையும், எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலையும் கையில் பிடித்து, தயங்காமல் முன்னே பாய வேண்டும். கைகள் வளைவாக மேலே போகும். மூன்று நான்கு எட்டில் இறக்கை தலைக்கு மேல் வந்துவிடும். அந்த நொடியில் ஏ-ரைசரை விட்டு, இறக்கை முந்திக்கொண்டு போகாதபடி பிரேக்கை லேசாகத் தொட்டு, அண்ணாந்து பார்த்து, நேராக இருந்தால் மட்டும் த்ராட்டில். த்ராட்டிலை இரண்டு மூன்று நொடியில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரேயடியாக அழுத்தினால் ப்ரொப்பல்லரின் எதிர்விசை உடம்பை ஒரு பக்கம் முறுக்கும்.

இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பாரம் சுமப்பவர் போல முன்னால் குனிவது. குனிந்தால் மோட்டாரின் உந்துவிசை உங்களைத் தரையை நோக்கித் தள்ளும். நெஞ்சை நிமிர்த்தி, மோட்டார்மேல் சாய்ந்தாற்போல ஓட வேண்டும். இரண்டாவது, கால் தரையை விட்டதும் இருக்கையில் உட்கார ஆசைப்படுவது. இறக்கை இன்னும் முழு எடையைத் தாங்கவில்லை. உட்கார்ந்தால் அரை அடி கீழே போவீர்கள், கூண்டு சரளையில் உரசும், ப்ரொப்பல்லர் போய்விடும். கால்கள் காற்றில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். 10 மீட்டர் உயரம் வந்தபின் உட்காரலாம்.

ட்ரைக்கில் இந்த ஓட்டம் இல்லை. காற்றே இல்லாத காலையில், இறக்கை நம்மைத் தூக்கத் தேவையான 25 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தைச் சக்கரம் சிரமமில்லாமல் எட்டிவிடும், கால் திணறும். தை, மாசி விடியலில் ட்ரைக்தான் ஜெயிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. மாலையில் கிழக்கேயிருந்து கடல்காற்று 10, 12 கிலோமீட்டர் வேகத்தில் சீராக வந்தால் நிலைமை தலைகீழ். கால்காரர் இறக்கையைப் பார்த்தபடி நின்று அதை மேலே எழுப்பி, நிதானமாகச் சரிபார்த்து, திரும்பி, ஏழெட்டு எட்டில் கிளம்பிவிடுவார். ட்ரைக்காரர் இறக்கைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்.

ட்ரைக்கின் உண்மையான ஆபத்து பக்கவாட்டில் கவிழ்வது. இறக்கை இடப்பக்கம் சாய்ந்து எழுந்தால் கால்காரர் இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்து அதன் அடியில் போய்விடுவார். சக்கரம் பக்கவாட்டில் நகராது; முன்சக்கரத்தை இறக்கை சாயும் பக்கம் திருப்பி அதன் அடியில் ஓட்டிப் போக வேண்டும். புதியவர் பதற்றத்தில் எதிர்ப்பக்கம் திருப்புவார், அல்லது த்ராட்டிலைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பார். இறக்கை உயரத்திலிருந்து இழுக்க, வண்டி ஒற்றைச் சக்கரத்தில் நின்று கவிழும். சாய்ந்த இறக்கையை த்ராட்டில் சரிசெய்யாது. எஞ்சினை நிறுத்து, பிரேக்கை இழுத்து இறக்கையைக் கீழே போடு, மறுபடி விரி. வேறு வழி கிடையாது. இறக்கையைத் தரையில் ஆளப் பழகாதவருக்கு உட்கார்ந்திருப்பது பாதுகாப்புப் போலத் தோன்றுவதுதான் சிக்கல். அந்தப் பழக்கம் இல்லாத குறையைக் கால் முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும்; சக்கரம் சில வாரம் மறைத்து வைக்கும்.

எஞ்சின் நின்றால்

2-ஸ்ட்ரோக் எஞ்சின் நிற்கும். அடைபட்ட வடிகட்டி, தளர்ந்த பெட்ரோல் குழாய், கெட்ட ஸ்பார்க் பிளக் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நின்றால் நீங்கள் விழமாட்டீர்கள். மோட்டார் இல்லாத பாராகிளைடர் போல மிதந்து இறங்குவீர்கள். காற்று அசையாத வேளையில் 100 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் தூரம் போகலாம். அந்த 600 மீட்டருக்குள் செட்டிநாட்டில் என்ன இருக்கும்? கண்மாய், ஊருணி, கருவேலங்காடு, வரப்பு போட்ட வயல், மின்கம்பி.

அறுவடை முடிந்த வயல் ஒன்று கிடைத்துவிட்டால் கால்காரருக்குப் போதும். எதிர்காற்றில் வந்து, ஒரு ஆள் உயரத்துக்கும் கீழே வந்ததும் பிரேக்கை முழுக்க இழுத்தால் அரிதாள்மேல் நாலு எட்டில் நின்றுவிடலாம். ஒரு பாத்தி அகலம் பிழைத்துக்கொள்ளப் போதும். ட்ரைக்குக்குப் போதாது. முன்சக்கரம் முழங்கால் உயர வரப்பில் முட்டினால் வண்டி முன்பக்கமாகக் குப்புறும். உழுத வயலானால் சக்கரம் புதையும். நம் பக்கம் ட்ரைக்கை இறக்கலாம் என்று நம்பிச் சொல்லக்கூடியவை மஞ்சுவிரட்டுப் பொட்டல்களும் நன்கு வற்றிய கண்மாய் உள்வாயும்தான். உள்வாயிலும் நடந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். மேல்மண் வெடித்துக் காய்ந்திருக்க, அடியில் களி ஈரமாகவே இருக்கும்.

தண்ணீர் இரண்டு பேருக்கும் எமன். 26 கிலோ மோட்டாரோடு ஹார்னஸ் என்னும் பட்டைகளில் கட்டுண்டு விழுந்தால் இடுப்பளவு நீரிலும் முகம் மேலே வராது. தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் மிதவையை மோட்டார் சட்டத்தில் மாட்டுங்கள். அதை நம்பிக் கண்மாய்க்கு மேலே போகாதீர்கள். எஞ்சின் நின்றாலும் கரைக்கு மிதந்து சேரும் உயரம் இருந்தால் மட்டும் கடக்கலாம்.

மின்கம்பியைத் தேடினால் கண்ணில் படாது. கம்பத்தைத் தேடுங்கள். பம்புசெட்டுக்குப் போகும் ஒற்றை இணைப்புகள் பனைகளுக்கு நடுவே மறைந்திருக்கும். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்றே கொள்ளுங்கள். பனை வரிசைக்கும் மாடி வீடுகளுக்கும் பின்பக்கம் காற்று சுருண்டு அடிக்கும். தடையின் உயரத்தைப்போல 10 மடங்கு தூரம் தள்ளியே கிளம்பவும் இறங்கவும் வேண்டும். 15 மீட்டர் பனைக்கு 150 மீட்டர்.

எஞ்சின், எண்ணெய், இறக்கை

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 60, 65 கிலோ வரை உள்ளவர் காலில் பறக்க வித்தொராஸி ஆட்டம் 80 வகை இலகு எஞ்சின் போதும், முதுகுக்கும் நல்லது. 80 கிலோவுக்கு மேலோ, ட்ரைக்கோ என்றால் மோஸ்டர் 185 வகை. தேவைக்கு மேல் சக்தி உள்ள எஞ்சின் புதியவரை முறுக்கித் தள்ளும். இறக்கைக்கு ஈ.என். (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) ஏ சான்று, அல்லது சாந்தமான பி. வேகத்துக்கென்று செய்த ரிஃப்ளெக்ஸ் இறக்கை இரண்டாம் வருடப் பேச்சு.

10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 முதல் 250 மில்லி வரை 2-ஸ்ட்ரோக் ஆயில். எஞ்சின் கையேடு சொல்லும் விகிதமே இறுதி. பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கார்புரேட்டரில் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வை விறைக்க வைக்கும். கலவையை மெலிதாக்கி எஞ்சினைச் சூடேற்றும். கலந்ததை வாரக்கணக்கில் வைக்காதீர்கள். பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விடுங்கள்.

பாராமோட்டாரில் கைவிரல் போவது வானத்தில் நடப்பதில்லை, தரையில் ஸ்டார்ட் செய்யும்போது நடக்கிறது. த்ராட்டில் கேபிள் சிக்கியிருந்தால் எஞ்சின் முழு வேகத்தில் பாயும். தரையில் வைத்த மோட்டார் உங்கள்மேல் ஏறும். கை அனிச்சையாகக் கூண்டுக்குள் போகும். கூண்டின் வலை விரலைத் தடுக்காது. முதுகில் மாட்டியபின் ஸ்டார்ட் செய்யும் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கூடுதலாக ஒரு கிலோ, இரண்டு கிலோ எடை என்றாலும் வாங்குங்கள். ட்ரைக்கில் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்தபின்தான் சாவி.

எங்கே, எப்போது

தரையில் இறக்கையை ஆள்வது மட்டும் 15 மணி நேரமாவது ஆன பிறகு மோட்டார் தொடுங்கள். செட்டிநாடு சமதளம் என்பதால் மலையிலிருந்து மோட்டார் இல்லாமல் பறந்து பழக மகாராஷ்டிரத்துக் காம்ஷெத் போன்ற இடத்துக்குப் போக வேண்டும். ஒரு வாரச் செலவு அது. ஆனால் எஞ்சின் இல்லாமல் இறங்குவதை அங்கே பழகியவருக்கு மேலே சொன்ன வயல் பயம் பாதி குறையும். காலோ சக்கரமோ, காதில் ரேடியோ மாட்டி வழிநடத்தும் பயிற்சியாளர் இல்லாமல் முதல் 20 பறப்புகள் வேண்டாம்.

தை முதல் பங்குனி வரை, சூரியன் கிளம்பி முதல் ஒன்றரை மணி நேரம் நல்ல வேளை. 9 மணிக்கு மேல் செம்மண் சூடேறி வெப்பக்காற்று உதைக்கும். விடியலில் தரையில் இலை அசையாமல் இருக்க, 80 மீட்டரில் 25 கிலோமீட்டர் காற்று ஓடிக்கொண்டிருக்கலாம். செங்கல் காளவாசல் புகையைப் பாருங்கள். நேரே எழுந்து ஓர் உயரத்தில் படாரென்று மடிந்தால் அங்கே காற்று இருக்கிறது. கிளம்பியதும் முதலில் அந்தக் காற்றுக்கு எதிராகப் பறங்கள், திரும்பி வருவது எளிதாகும். அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்றில் இறக்கை பைக்குள் இருக்கட்டும்.

வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்ப் பக்கம் போகவே வேண்டாம். வலசைப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அவை. பறவைகள் நிறைந்திருக்கும் மாதங்கள்தான் நமக்கும் நல்ல பருவம். செட்டிநாட்டில் கிடக்கும் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ட்ரைக்காரர்களை இழுக்கும். அனுமதியில்லாமல் அதில் சக்கரம் வைக்கக் கூடாது. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. மதுரை, திருச்சி விமான நிலையங்களின் வான்பரப்பும் உண்டு. மாவட்ட நிர்வாகத்திடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கிளம்புங்கள்.

ட்ரைக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் செலவில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏற்றிப் போகக் குட்டியானை வண்டி, இறக்கை விரிக்கக் கூட ஒருவர். கால் மோட்டாரின் கூண்டு துண்டு துண்டாகக் கழன்று காருக்குள் போய்விடும். பொட்டலில் 150 மீட்டர் நீளத்தை எட்டு வைத்து அளந்து, கல் பொறுக்கி, நெருஞ்சி படர்ந்த இடத்தில் தார்ப்பாய் விரியுங்கள். கயிற்றில் ஒட்டிய ஒரு நெருஞ்சி முள் இரண்டு கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் இறக்கை கோணலாகத்தான் எழும். ஒவ்வொரு கயிற்றையும் விரலிடுக்கில் உருவிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.