கன்ட்ரி பாட்டு தேட எது நல்ல வழி: ஆப் தரும் பரிந்துரையா, எழுதியவர் பெயரா?

அமெரிக்க கன்ட்ரி இசையில் புதுக் குரல்களைத் தேட நான் இரண்டு வழிகளையும் விடாமல் பயன்படுத்தியிருக்கிறேன். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவை தாமாக அடுக்கித் தரும் பாடல்களைக் கேட்பது ஒன்று. ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதை எழுதியவர் யார் என்று பார்த்து, அவர் வேறு யாருக்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று தேடிப் போவது இன்னொன்று. இரண்டையும் கேட்டுப் பார்த்து, இரண்டாவதையே என் வழியாக வைத்துக்கொண்டேன். நண்பர்களுக்குப் பாட்டு சொல்லும்போதும் அதைத்தான் நம்புகிறேன்.

ரேடியோவும் தரவரிசைப் பட்டியலும் மூன்றாவது வழி. அவற்றை நான் போட்டியில் சேர்க்கவில்லை. பாடகிகளின் பாடல்களை அளவோடுதான் ஒலிபரப்ப வேண்டும், அவர்கள் சாலட்டில் போடும் தக்காளி மாதிரி என்று 2015இல் ஒரு ரேடியோ ஆலோசகர் சொன்னது பெரிய சர்ச்சையானது. அப்படி வடிகட்டி வருவதை மட்டும் கேட்டால் கன்ட்ரியின் பாதி காதுக்கே வராது.

ஆப் பரிந்துரையின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உழைப்பு வேண்டாம், காசும் அதிகமில்லை, நேற்று வந்த பாடகர்கூட இன்று காதில் விழுவார். கிறிஸ் ஸ்டேபிள்டனைக் கேட்டால் அடுத்து லூக் கோம்ப்ஸ், ஸாக் பிரையன், டைலர் சில்டர்ஸ் என்று வரிசையாக வரும். எல்லாமே கேட்கக்கூடிய பாடல்கள்தாம். ஆனால் என் போனில் அந்த வரிசை பெரும்பாலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரே மாதிரி குரல், ஒரே மாதிரி கிட்டார். ஏன் இந்தப் பாட்டுக்குப் பின் அந்தப் பாட்டு என்ற காரணமும் நமக்குக் கிடைப்பதில்லை.

இனி எழுதியவர் வழி. நம் சினிமாவில் வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பாட்டு எழுதுபவர் என்றால் வழக்கமாக வரியும் மெட்டும் அவருடையவை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவதும் உண்டு. அதனால் ஒரு பெயரைப் பிடித்தால் ஒரு மனப்போக்கையே பிடித்த மாதிரி.

ஸ்டேபிள்டனின் 'டென்னஸி விஸ்கி'யையே எடுத்துக்கொள்வோம். 2015இல் அவர் அதைப் பாடிப் பெரும் புகழ் பெற்றார். ஆனால் எழுதியவர்கள் டீன் டில்லனும் லிண்டா ஹார்கிரோவும். 1981இலேயே டேவிட் ஆலன் கோ பாடிவிட்டார். 1983இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடினார். டீன் டில்லன் என்ற பெயரைத் தேடினால் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டிடம் போய் நிற்போம். ஸ்ட்ரெய்ட்டின் முதல் வெற்றிப் பாடலான 'அன்வவுண்ட்' டில்லன் இணைந்து எழுதியது. 1985இல் வந்த 'தி சேர்' பாட்டும் அப்படித்தான். மதுக்கூடத்தில் ஒரு பெண்ணிடம், நீங்கள் உட்கார்ந்திருப்பது என் நாற்காலி என்று ஒருவன் பேச்சுக் கொடுக்கிறான். பாட்டு முழுக்க அவன் பேசுவது மட்டுமே. பல்லவி என்று எதுவும் திரும்ப வராது. கடைசியில்தான் அது அவன் நாற்காலியே இல்லை என்று தெரிகிறது. ஒரு சிறுகதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

'தி சேர்' பாட்டை டில்லனோடு சேர்ந்து எழுதியவர் ஹேங்க் காக்ரன். ஹார்லன் ஹோவர்டுடன் சேர்ந்து 'ஐ ஃபால் டு பீஸஸ்' எழுதியவரும் அவரே. அதை 1961இல் பாடியவர் பேட்ஸி கிளைன். அதே ஆண்டில் பேட்ஸி பாடிய 'கிரேஸி', வில்லி நெல்சன் எழுதியது. நாஷ்வில்லுக்கு வந்து தடுமாறிக்கொண்டிருந்த வில்லியைத் தன் பாட்டு நிறுவனத்தில் சேர்த்துவிட்டவர் இதே காக்ரன்தான். அதற்காகத் தனக்கு வரவிருந்த சம்பள உயர்வை விட்டுக்கொடுத்தார் என்று சொல்வார்கள். 2015இல் கிளம்பிய நாம் ஒரு மாலைக்குள் 1961இல் இருக்கிறோம். ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் இருக்கிறார், ஒரு காரணம் இருக்கிறது.

எனக்கு முடிவைத் தந்த அம்சம் இதுகூட இல்லை. நண்பர்களுக்குப் பரிந்துரைக்கும்போது வரும் சிக்கல்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கன்ட்ரிக்குப் புதிதானவர்களுக்குப் பெரிய தடை குரல். மூக்கால் பாடுகிறார்கள், இழுக்கிறார்கள் என்று சொல்லி அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். பெடல் ஸ்டீல் என்ற கிட்டார் வகையின் வழுக்கும் ஓசையும் சிலருக்கு ஒத்துவராது. ஆப் என்ன செய்யும்? நாம் பாதியில் தள்ளிவிட்டால் அந்தப் பாட்டையே ஒதுக்கிவிட்டு வேறொன்றுக்குப் போய்விடும். எழுதியவர் வழியில் அதே பாட்டை வேறொரு குரலில் கொடுக்கலாம். ஜார்ஜ் ஜோன்ஸ் ஒத்துவராதவருக்கு ஸ்டேபிள்டன். 'யூ டோன்ட் நோ மீ' பாட்டில் எடி ஆர்னல்டின் குரல் பழசாகத் தோன்றினால், 1962இல் ரே சார்ல்ஸ் அதைப் பாடியது இருக்கிறது. அதில் மயங்காதவரை நான் பார்த்ததில்லை. எடி ஆர்னல்ட் சொன்ன கருவை வைத்து அதை எழுதிய சிண்டி வாக்கரின் பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

டவுன்ஸ் வான் ஸான்ட்டின் 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி'யும் அப்படித்தான். 1972இல் அவரே பாடியது வறண்டு, தனிமையாக இருக்கும். எம்மிலூ ஹாரிஸ் பாடியது தெளிந்த நீர். வில்லி நெல்சனும் மெர்ல் ஹேகார்டும் சேர்ந்து பாடியது 1983இல் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. பழகாத காதுக்கு முதலில் எம்மிலூ, கடைசியில் டவுன்ஸ் என்று கொடுப்பேன். அந்த வரிசையில் கேட்டவர்கள் பெரும்பாலும் டவுன்ஸிடமே தங்கிவிடுகிறார்கள்.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. ஸாக் பிரையன், டைலர் சில்டர்ஸ் போலத் தமக்குத் தாமே எழுதிக்கொள்பவர்களிடம் வந்தால் பாதை அங்கேயே முட்டி நிற்கும். அங்கே நான் தயாரிப்பாளர், அதாவது ஒலிப்பதிவை வழிநடத்தி ஆல்பத்தின் ஒலியை உருவாக்குபவர், பெயரைப் பார்ப்பேன். சில்டர்ஸின் 2017 ஆல்பமான 'பர்கட்டரி'யின் தயாரிப்பில் ஸ்டர்ஜில் சிம்ப்சன் இருந்தார். சிம்ப்சனின் 2014 ஆல்பத்தைத் தயாரித்தவர் டேவ் காப். ஜேசன் இஸ்பெல்லின் 'சவுத்ஈஸ்டர்ன்', ஸ்டேபிள்டனின் 'டிராவலர்' இரண்டும் காப் தயாரித்தவையே. கன்ட்ரியின் ஒரு கிளையான புளூகிராஸ் பக்கம் இதை நான் அதிகம் சோதித்ததில்லை. அங்கே வாசிப்பவரின் கைவண்ணமே பெரிது என்பதால் எழுதியவர் பெயர் இவ்வளவு உதவுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இந்த வாரம் வந்த புதுப் பாடகரைத் தெரிந்துகொள்ளவும் ஆப்தான் வசதி. அதற்கு மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஸ்பாட்டிஃபையிலேயே பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் கிரெடிட்ஸ் வரும். எழுதியவர் பெயர் அங்கே இருக்கும். தொடங்க இது போதும்.

டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஆரம்பகால ஆல்பங்கள் பிடிக்கும் என்பவர் லிஸ் ரோஸிலிருந்து தொடங்கலாம். 'யூ பிலாங் வித் மீ'யை ஸ்விஃப்ட்டுடன் சேர்ந்து எழுதியவர். அடுத்து லிட்டில் பிக் டவுன் பாடிய 'கேர்ள் கிரஷ்'. லிஸ் ரோஸ், ஹிலரி லின்ட்ஸி, லோரி மெக்கென்னா மூவரும் எழுதியது. பிறகு மெக்கென்னா தனியாக எழுதி, டிம் மெக்ரா பாடிப் புகழ்பெற்ற 'ஹம்பிள் அண்ட் கைண்ட்'. மெக்கென்னாவே அதைப் பாடியிருக்கிறார்; இரண்டில் அவருடையதை முதலில் கேளுங்கள்.