கர்த்தவ்ய பத் மரபு நடை: கல்லைச் சொன்னார்கள், கூட்டத்தைச் சொல்லவில்லை

தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் இந்தியா கேட்டுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கர்த்தவ்ய பத்தை அதன் வரலாற்றோடு சேர்த்து நடத்திக் காட்டும் மரபு நடை ஒன்றில், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையொன்றில் கலந்துகொண்டேன். ஒருவருக்கு 600 ரூபாய், இரண்டரை மணி நேரம், ஆங்கிலமும் இந்தியும் கலந்த விளக்கம். என்னுடன் வந்தவர் என் பெரியப்பா. மத்திய அரசின் தலைமைச் செயலகக் கட்டடமான நார்த் பிளாக்கில் எழுத்தராகச் சேர்ந்து, பிரிவு அதிகாரியாக ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலைக்குப் போய் வந்த தெருவைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று வீட்டில் முணுமுணுத்தவர், காலை ஐந்தரை மணிக்கே காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

நடையை இந்தியா கேட் பக்கமிருந்து மேற்கு நோக்கித் தொடங்குகிறார்கள். இது நல்ல முடிவு. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். வழிகாட்டியாக வந்த அம்மையார் முதலில் எங்களை நிறுத்திய இடம் ஒரு பெயர்ப்பலகை. இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என நான்கு எழுத்துகளில் ஒரே பெயரைத் தாங்கி நின்ற அதை வைத்துக்கொண்டே நூறாண்டுக் கதையைத் தொடங்கினார். 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுவதாக அறிவித்தார். எட்வின் லட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் வடிவமைத்த புது நகரம் 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது இந்தத் தெருவின் பெயர் கிங்ஸ்வே. விடுதலைக்குப் பின் ராஜ்பத் ஆனது. 2022 செப்டம்பரில் கர்த்தவ்ய பத் ஆனது. கிங்ஸ்வேயை ராஜ்பத் ஆக்கியது பெயர் மாற்றமா, மொழிபெயர்ப்பா என்று ஒருவர் கேட்டார். தமிழில் ராஜபாட்டை என்று சொல்லிப் பழகிய எனக்கும் அதே ஐயம் நெடுநாளாக உண்டு. இதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் குயின்ஸ்வேயை ஜன்பத், அதாவது மக்கள் பாதை, என்று மாற்றியவர்கள் ராணியை நீக்கிவிட்டு ராஜாவை மட்டும் விட்டுவைத்தது வேடிக்கைதான். அம்மையார் சிரித்துக்கொண்டே அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டார்.

அந்த அடுத்த இடம், இந்தியா கேட்டுக்குக் கிழக்கே நிற்கும் கல்மண்டபம். 1936 முதல் 1968 வரை இதற்குள் ஐந்தாம் ஜார்ஜின் பளிங்குச் சிலை இருந்தது. அதை அகற்றிய பின், யாரை வைப்பது என்று முடிவாகாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டபம் வெறுமையாக நின்றது. காந்தியின் சிலையை வைக்கலாம் என்ற பேச்சு எழுந்து அடங்கியது. 2022 செப்டம்பர் 8 அன்று அங்கே சுபாஷ் சந்திர போஸின் 28 அடி உயரக் கருங்கல் சிலை திறக்கப்பட்டது. தெலங்கானாவின் கம்மத்திலிருந்து 280 டன் எடையுள்ள ஒற்றைக் கல்லாக வந்து, செதுக்கி முடித்தபோது 65 டன்னாக மிஞ்சிய சிலை அது. மூன்று காலத்துப் படங்களையும் அடுத்தடுத்துக் கையில் தந்து, அவை எடுக்கப்பட்ட இடத்திலேயே எங்களை நிற்கவைத்து அம்மையார் ஒப்பிடச் சொன்னார், விளக்கமே தேவைப்படவில்லை. ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். இந்த மண்டபம் மாமல்லபுரத்து மண்டபம் ஒன்றைப் பார்த்து அமைத்தது என்று பலரும் சொல்வதை அவரும் சொன்னார். மாமல்லபுரத்தில் எந்த மண்டபம் என்று கேட்டேன், பதில் இல்லை. அங்கே பலமுறை சுற்றி வந்திருக்கும் என் கண்ணுக்கு ஒற்றுமை பிடிபடவில்லை.

இந்தியா கேட்டில் அதிக நேரம் நிற்கவில்லை. 42 மீட்டர் உயர வளைவு, முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கன் போரிலும் மாண்டவர்களில் 13,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள், 1972 முதல் வளைவின் அடியில் எரிந்து 2022 ஜனவரியில் தேசியப் போர் நினைவிடத்தின் சுடரோடு சேர்க்கப்பட்ட அமர் ஜவான் ஜோதி என்று தேவையானதைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கூட்டமும் பலூன்காரர்களும் சூழ்ந்த அந்த இடத்தில் அதற்கு மேல் எதுவும் காதில் ஏறாது.

இந்த நடைக்குக் கொடுத்த காசு செரித்தது, மாளிகை நிற்கும் ரைசினா குன்றின் அடிவாரச் சதுக்கமான விஜய் சௌக்கை நெருங்கும்போதுதான். இந்தியா கேட்டிலிருந்து பார்க்கையில் குடியரசுத் தலைவர் மாளிகையின் குவிமாடம் தெருவின் முடிவில் தெளிவாகத் தெரிகிறது. நடக்க நடக்கக் கட்டடம் பெரிதாக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. முதலில் தூண்கள் மறைந்தன, பிறகு மாளிகையின் முகப்பு மறைந்தது, விஜய் சௌக்குக்கு வந்து நின்றபோது மேட்டின் விளிம்புக்கு மேலே குவிமாடத்தின் உச்சி மட்டும் எட்டிப் பார்த்தது. அம்மையார் அதுவரை இதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் எங்களையே கண்டுபிடிக்க விட்டார், இருபத்தேழு பேரில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் "அட!" என்றார்கள். பிறகு கதை வந்தது. முதல் திட்டப்படி ரைசினா குன்றின் மேல் வைஸ்ராய் மாளிகை, அதாவது இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை, மட்டுமே நிற்பதாக இருந்தது. தலைமைச் செயலகத்தின் இரு பிளாக்குகளையும் அதே மட்டத்தில் குன்றின் மேலேயே வைக்க வேண்டும் என்று பேக்கர் கேட்டார், லட்யன்ஸ் ஒப்புக்கொண்டார், மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. அந்தச் சரிவு தன் மாளிகையையே விழுங்கிவிடும் என்பது லட்யன்ஸுக்குப் பின்னர்தான் உறைத்தது. சரிவை வெட்டித் தாழ்த்தச் சொல்லி எவ்வளவோ போராடியும் செலவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். நண்பர்களாக இருந்த இருவரும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. காரில் போகிறவர்கள் அரை நிமிடத்தில் கடந்துவிடும் இந்தப் பிழையைக் காலால் நடந்தால்தான் உணர முடியும். மேற்கிலிருந்து நடையைத் தொடங்கினால் இது கிடைக்காது என்பதால்தான் கிழக்கிலிருந்து வருவதை நல்ல முடிவு என்றேன்.

பாதுகாப்புக் கருதி அன்று சரிவில் மேலே போக விடவில்லை. அதனால் நார்த் பிளாக் வாயிலில் செதுக்கியிருக்கும் வாசகத்தை அச்சிட்ட படத்தில்தான் பார்த்தோம். சுதந்திரம் மக்களிடம் இறங்கி வராது, மக்களே அதை நோக்கி உயர வேண்டும், அனுபவிக்குமுன் ஈட்ட வேண்டிய பேறு அது என்பது அதன் பொருள். ஆள வந்தவர்கள் ஆளப்படுபவர்களுக்குச் சொன்ன புத்திமதி. அந்த வாயிலைத் தினமும் கடந்த பெரியப்பா, ஒருநாளும் அதை முழுதாகப் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்.

குடியரசு தின அணிவகுப்பைப் பற்றிய பகுதி சுருக்கமாகவும் செம்மையாகவும் இருந்தது. 1950இல் முதல் அணிவகுப்பு இங்கே நடக்கவில்லை, இர்வின் விளையாட்டரங்கில் நடந்தது என்பதும், 1955 முதல்தான் இந்தத் தெரு நிலையான களமானது என்பதும் குழுவில் பலருக்குப் புதிய செய்தி. 2022இல் தமிழ்நாட்டு அலங்கார ஊர்தி இங்கே இடம்பெறாமல் சென்னையில் ஓடியதை நான் நினைவூட்டியபோது, அம்மையார் அதை அறிந்திருந்தார்.

என் மனக்குறை வேறு. இந்தத் தெருவில் அரசு நடத்திய விழாக்களை எல்லாம் சொன்னவர்கள், மக்கள் தாமாக வந்து கூடியதை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. புல்வெளியில் போட் கிளப் பக்கம் வந்ததும் பெரியப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். 1988 அக்டோபரில் மகேந்திர சிங் டிக்காயத் தலைமையில் உத்தரப் பிரதேச விவசாயிகள் லட்சக்கணக்கில் வந்து, டிராக்டர்களோடும் ஹுக்காவோடும் ஒரு வாரம் உட்கார்ந்திருந்த இடம் அது. "அந்த ஒரு வாரமும் ஆபீசுக்குச் சுத்திக்கிட்டுத்தான்டா போனோம். மத்தியானம் நாங்க உக்காந்து கடலை கொறிக்கிற புல்லுல மாடு மேஞ்சுது" என்றார். அதன்பின் அங்கே போராட்டங்களுக்குத் தடை வந்தது. ஜந்தர் மந்தர் போராட்டக் களமாயிற்று. 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்துப் பாலியல் வன்கொடுமையைக் கண்டித்து இளைஞர்கள் இதே விஜய் சௌக்கில் தண்ணீர்ப் பீரங்கிகளுக்கு முன்னால் நின்றார்கள். நகரம் எழ இடம் விட்ட மால்ச்சா, ரைசினா கிராமங்களுக்கும் இந்த நடையில் இடமில்லை. மறுசீரமைப்பில் போடப்பட்ட 15.5 கிலோமீட்டர் நடைபாதையின் நீளத்தைச் சொல்ல நேரம் இருந்தது, இவற்றுக்கு இல்லை என்றால் ஏற்க முடியவில்லை.

ஏற்பாட்டிலும் சில ஓட்டைகள். பதினைந்து பேர்தான் என்று முன்பதிவில் சொல்லிவிட்டு இருபத்தேழு பேரைச் சேர்த்திருந்தார்கள். காதில் மாட்டத் தந்த கருவி பெரியப்பாவுக்குப் பாதி வழியில் நின்றுபோனது, மாற்று இல்லை. தருவதாகச் சொன்ன குடிநீரும் வரவில்லை. மின்னஞ்சலில் எழுதியதற்கு இரண்டு நாளில் வருத்தம் தெரிவித்து, ஒரு கட்டணத்தில் பாதியைத் திருப்பினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகிறவர்கள் ஜூலையில் போவது நல்லது; வெயில் ஏறுமுன் முடிந்துவிடும், இருபுறமும் நாவல் மரங்கள் பழுத்திருக்கும். சிவப்புக் கருங்கல் பாதையெங்கும் ஊதாக் கறை. பழம் பறிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர்களின் ஆட்கள் மரத்தடியில் துணி விரித்துக் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஒரு பொட்டலம் வாங்கினார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அகற்றிய மன்னர் சிலை எங்கே போனது என்பதை இவர்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்; அதை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் உத்யோக் பவனில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஏறி ஜிடிபி நகரில் (குரு தேக் பகதூர் நகர்) இறங்கினோம். தர்பார் நடந்த திடலான கொரோனேஷன் பூங்காவில், வைஸ்ராய்களின் சிலைகளுக்கு நடுவே, உயர்ந்த பீடத்தின் மேல் ஐந்தாம் ஜார்ஜ் நிற்கிறார். அன்று எங்களைத் தவிர அங்கே கிரிக்கெட் ஆடிய பையன்கள் மட்டுமே இருந்தார்கள். திரும்பும்போது மெட்ரோ நிலையத்துக்குப் போக வேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னோம். "கிங்ஸ்வே கேம்ப் தானே?" என்று கேட்டுவிட்டு மீட்டரைப் போட்டார்.