பொசிஷனா, டிராப்டா? சின்ன டிராக்டரின் இரண்டு லிப்ட் லீவர்கள்

சீட்டுக்கு வலப்பக்கம் அடுத்தடுத்து இரண்டு லீவர்கள். சின்ன டிராக்டர் வாங்கிய புதிதில் பலரும் ஒன்றை மட்டும் பழகிக்கொண்டு மற்றதைத் தொடுவதே இல்லை. நானும் அப்படித்தான் ரொம்ப நாள் ஓட்டினேன். இரண்டுமே கலப்பை போன்ற கருவிகளை மாட்டும், பின்னால் இருக்கும் லிப்ட் கைகளைத் தூக்குகின்றன, இறக்குகின்றன. அப்புறம் எதற்கு இரண்டு?

ஆயில் போவது ஒரே சிலிண்டருக்குத்தான். எதைப் பார்த்து வால்வு திறக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பொசிஷன் லீவர் லிப்ட் கையின் உயரத்தைப் பார்க்கிறது. லீவரைப் பாதியில் வைத்தால் கையும் பாதியில் வந்து நிற்கும். டிராப்ட் லீவர் உயரத்தைக் கண்டுகொள்ளாது. கலப்பையை இழுக்க எவ்வளவு பாரம் பிடிக்கிறது என்று பார்க்கும். சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் இந்தச் சேதி டாப் லிங்க் (கருவியின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் கம்பி) வழியாகத்தான் வருகிறது. கொழு மண்ணில் இறங்கியதும் மண் அதைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். கலப்பையின் மேல்பகுதி முன்னால் சாய்ந்து டாப் லிங்கை டிராக்டர் பக்கம் அழுத்தும். அங்கே கனமான ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது அமுங்கினால் வால்வு திறந்து கலப்பை கொஞ்சம் மேலே வரும். பாரம் குறைந்தால் திரும்ப இறங்கும்.

முதலில் வந்தது டிராப்ட்தான். ஹாரி பெர்குசன் வடிவமைத்த இந்த ஏற்பாட்டோடு 1939-இல் வந்த போர்டு 9என் டிராக்டரில் பொசிஷன் கண்ட்ரோல் கிடையாது. அது 1947-இல் 8என் வந்தபோதுதான் சேர்ந்தது.

சரி, ஆழத்தை எது சீராக வைக்கும்? பொசிஷன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பிடித்து வைப்பது டிராக்டரின் உடம்பிலிருந்து கை இருக்கும் உயரத்தை, தரையிலிருந்து அல்ல. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். கொழு பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால். முன்சக்கரம் 10 செ.மீ. மேட்டில் ஏறினால், பின்னால் கொழு ஏறக்குறைய 6 முதல் 7 செ.மீ. கூடுதலாக மண்ணுக்குள் போகும். இன்ஜின் சத்தம் கம்மும், சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். அதே முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கொழு அதே அளவு மேலே வந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டு போகும்.

டிராப்டில் ஓட்டினால் இந்த மேடு பள்ளத்தை லிப்டே சமாளித்துவிடும். திரும்பிப் பார்த்தால் கைகள் விரற்கடை அளவு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கலப்பையை மேலே தூக்கப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் எடையில் ஒரு பங்கு பின்சக்கரத்தில் உட்காரும். சக்கரம் வழுக்குவது குறையும். எடை குறைந்த சின்ன டிராக்டருக்கு இது பெரிய உதவி. ஆனால் டிராப்ட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரே வயலில் ஓரிடம் இறுகல், ஓரிடம் மணல் என்றிருந்தால், இறுகலில் ஆழம் குறைந்து மணலில் கலப்பை புதைந்து போகும். மண் ஒரே மாதிரி, தரைதான் ஏறி இறங்குகிறது என்றால் டிராப்ட். தரை மட்டமாக இருந்து மண்தான் மாறுகிறது என்றால் பொசிஷன், முடிந்தால் கலப்பையில் ஆழச் சக்கரமும் (தரையில் உருண்டு ஆழத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சக்கரம்) மாட்டிக்கொள்ளலாம்.

ரொட்டாவேட்டருக்கு டிராப்ட் ஒத்தே வராது. அதன் கத்திகள் டிராக்டர் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றி வண்டியை முன்னால் தள்ளுகின்றன. ஸ்பிரிங்கை அமுக்கப் பாரமே இல்லாததால், ‘இன்னும் இறங்கலாம்’ என்று லிப்ட் எடுத்துக்கொண்டு ஒரேயடியாகக் கீழே விட்டுவிடும். லெவலிங் பிளேடு, குழி தோண்டும் ஆகர், ஸ்பிரேயர் எல்லாமே பொசிஷன் வேலைதான். மண்ணைப் புரட்டும் மோல்டுபோர்டு கலப்பை, கொத்துக் கலப்பை, அடிமண்ணை உடைக்கும் சப்சாயிலர் ஆகியவை டிராப்டுக்கு உரியவை.

டிராப்டை அமைக்கும்போது அவசரம் கூடாது. எந்த லீவர் எங்கே நிற்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பொசிஷன் லீவர் தப்பான இடத்தில் நின்றால் டிராப்ட் வேலை செய்யாததுபோலவே தெரியும். நான் டிராப்ட் லீவரைத் தொடாமல் விட்டதற்கு அதுதான் காரணம். முதல் சாலில் டிராப்ட் லீவரைச் சிறிது சிறிதாக இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் அங்கேயே லீவரைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரை முடுக்கிவிடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் லீவர் அதே இடத்துக்கு வரும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு ஏமாற்றம்: பெரும்பாலான டிராக்டர்களில் லிப்ட் மேலே தூக்கும், கீழே அழுத்தாது. இறுகிய தரையில் பிளேடு இறங்கவில்லை என்று லீவரை எவ்வளவு அமுக்கினாலும் பயனில்லை. டாப் லிங்க்கைச் சுருக்கி பிளேடின் சாய்வை மாற்ற வேண்டும், அல்லது எடை ஏற்ற வேண்டும்.

வாங்கப் போகிறவருக்கு என் அபிப்பிராயம்: ரொட்டாவேட்டரும் புல் வெட்டும் கருவியும்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் டிராப்ட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வருடா வருடம் கலப்பை போடுபவர் அது இல்லாத வண்டியைப் பார்க்கவே வேண்டாம்.

பழைய வண்டி என்றால் பொசிஷனில் கனமான கருவியைத் தூக்கி, இன்ஜின் ஓடும்போதே சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். சில விநாடிக்கு ஒரு முறை கருவி மெல்ல இறங்கி ‘டக்’கென்று மேலே குதித்தால், உள்ளே எங்கோ ஆயில் கசிகிறது, இறங்கியதைப் பொசிஷன் வால்வு சரிசெய்து கொண்டே இருக்கிறது. தூக்கிய கருவிக்கு அடியில் மட்டும் குனிந்து பார்க்காதீர்கள். அதைத் தாங்கி நிற்பது கசிகிற அந்த ஆயில்தான்.