பாலூட்டும் அறையும் ஒரு சுவரோவியமும்

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. எங்கள் ஊர் அறையில் இப்போது சுவரோவியம் வரைந்திருக்கிறார்கள். வழக்கமான கொழுகொழு வெள்ளைக் குழந்தை இல்லை. கைத்தறிச் சேலை கட்டிய கறுத்த பெண் திண்ணையில் உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். புருஷன் சொம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நிற்கிறான். அந்தச் சொம்புக்கே முழு மதிப்பெண். பால் கொடுக்கும்போது எடுக்கிற தாகம் வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது! கீழே, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று பெரிய எழுத்தில்.

சரி, இதை ஏன் உள்சுவரில் வரைந்தார்கள்? உள்ளே வருகிறவள் ஏற்கெனவே பால் கொடுப்பவள்தான். சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொல்கிறவர்களும் முறைத்துப் பார்க்கிறவர்களும் வெளியே டீக்கடைப் பக்கம் அல்லவா நிற்கிறார்கள்? மின்விசிறி ஓடுகிறது. தாழ்ப்பாள்தான் சரியாக விழவில்லை, துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.