வாட்ஸ்அப் ஃபார்வர்டு பொத்தான்: 3 நட்சத்திரம்

குளச்சலில் மீன் வியாபாரம் செய்கிறவன் நான். கடலுக்குப் போகக் கூடாது என்ற வானிலை எச்சரிக்கை எங்கள் குழுவில் விழுந்த கையோடு முட்டம், தேங்காய்ப்பட்டணம் வரை போய்ச் சேர்வது இந்தப் பொத்தானால்தான். அதற்கு முழு மதிப்பெண்.

குறை என்னவென்றால், செய்தியோடு அதன் பழைய தேதி கூடவே வருவதில்லை. 2017 ஒக்கிப் புயலில் சாய்ந்த ரப்பர் மரங்களின் படம் ஐப்பசி மழை பிடித்தாலே 'சற்றுமுன்' என்று வந்துவிடுகிறது. எங்கள் மாமாவும் கூசாமல் தட்டிவிடுகிறார். 2018இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். 2020 முதல், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியென்றால் ஒரு தடவைக்கு ஓர் உரையாடல்தான். நல்ல கடிவாளம்; மாமாவின் விரலுக்குத்தான் அது போதவில்லை. முதலில் அனுப்பிய தேதியையும் ஓரத்தில் காட்டட்டும், மீதி 2 நட்சத்திரத்தையும் தந்துவிடுகிறேன்.